கிரகாமின் கோட்டும் என் நுரையீரலும்

மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில் ஒரு நீண்ட நடைகூடம் இருக்கிறது. அதன் இரு முனைகளிலும், வீதி திருத்துபவர்கள் வைப்பதுபோல, ஒவ்வொரு செம்மஞ்சள் கூம்பு. இடையே முப்பது மீட்டர். ஆறு நிமிடத்தில் எத்தனை தரம் போய் வர முடிகிறது என்று பார்ப்பார்கள். ஆறு நிமிட நடைச் சோதனை என்று பெயர் (இதயமும் நுரையீரலும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று அறியும் எளிய வழி). ஓடக்கூடாது. பேசக்கூடாது. களைத்தால் சுவரில் சாய்ந்து நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

அந்தக் கூடத்தில்தான், ஐம்பத்துநான்காவது வயதில், விரல் நுனியில் ஒரு கவ்வியை மாட்டிக்கொண்டு, நான் ஒரு மனிதரைப் பழிவாங்கப் புறப்பட்டேன்.

நோயைப் பற்றி எழுதுபவர்கள், நோய் தங்களைப் பக்குவப்படுத்தியது என்று எழுதுவார்கள். நானும் கட்டிலில் படுத்துக்கொண்டு பக்குவம் வரும் என்று காத்திருந்தேன். தாதி வந்தார், மருத்துவர் வந்தார், உப்பில்லாத உருளைக்கிழங்கு வந்தது. பக்குவம் வரவில்லை. ஆகவே மன்னிப்பைத் தேடி வந்தவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். புகையால் மூச்சு முட்டுகிறவர்களும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் இருங்கள். உங்களுக்கு நான் ஒரு யன்னலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அந்தக் கோடையில் சிட்னிக்கு மேற்கே மலைக்காடுகள் வாரக்கணக்காக எரிந்தன. நாங்கள் இருக்கும் டூங்கபிக்கு நெருப்பு வரவில்லை. புகை வந்தது. வந்து, இரண்டு நாள் தங்கிப் போவதாகச் சொன்ன உறவினரைப்போல, போகாமல் இருந்தது. காலையில் கார்க் கண்ணாடியில் சாம்பல். நண்பகலில் சூரியன் ஒரு செம்மஞ்சள் தோடம்பழம் மாதிரித் தொங்கியது. கண்ணைச் சுருக்காமல் நேராகப் பார்க்க முடிந்தது. வெளியே காயப்போட்ட உடுப்பெல்லாம் அடுப்படி மணம்.

என் முதல் அறிகுறி இருமல் அல்ல. ஒரு பகிடி பாதியில் நின்றதுதான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கலைவிழாவில், ஒரு நடனம் முடிந்து அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகும் இடைவெளியில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பகிடி விடுகிற ஆள் நான். பதவி என்று சொல்வதற்கில்லை. திரை சிக்கிக்கொண்டால் கூப்பிடுவார்கள். ஆனாலும் அந்தத் தொழிலுக்கு ஒரு நியதி உண்டு: பகிடியின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அன்று ஒரு பிறந்தநாள் வீட்டில், வழமையான பகிடியைச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசிச் சொல்லுக்கு முன்னால் எனக்கு மூச்சு முடிந்துவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த என் மனைவி வசந்தி, தட்டிலிருந்து நிமிராமலே அந்தச் சொல்லைச் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒருநாளும் அந்தப் பகிடிக்கு அவ்வளவு சிரிப்புக் கிடைத்ததில்லை.

அடுத்த நாளே மருத்துவரிடம் போனேன். நெஞ்சைவிட அந்தச் சிரிப்புத்தான் கூட வலித்தது.

எங்கள் குடும்ப மருத்துவர் மலேசியத் தமிழ்ப் பெண். என் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சா?" என்றார்.

"எட்டு வயசு வரைக்கும் இருந்தது டொக்டர். பிறகு போட்டுது."

"எங்கயும் போகல. தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. புகை வந்து எழுப்பி விட்டுருச்சு."

ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கி இறுகி, இழுத்த காற்று வெளியே போக வழியில்லாமல் அடைபடுவது). இரண்டு பஃபர்கள் (வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சும் மருந்துக் குப்பிகள்) தந்தார். மண்ணிறமானது காலையும் மாலையும், சுகமாக இருந்தாலும் எடுக்கவேண்டும். அது வீக்கத்தை ஆற்றும். நீலமானது முட்டும்போது மட்டும். அது இறுகிய குழாயைத் தளர்த்தும். பிறகு அவர் கேட்டார்:

"வீட்டுல ஜன்னலெல்லாம் மூடியேதானே வச்சிருக்கீங்க?"

"ஓம் டொக்டர், எந்த நேரமும்."

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையின் கேவலமான பகுதி. நான் அதை முழுமனதோடு நம்பினேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பின்னேரம் ஐந்து மணிபோல வசந்தி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள்: "வெங்காயம் போடப் போறன்!" உடனே வீடு ஒரு போர்க்கப்பல் ஆகிவிடும். மகள் நிலானி ஓடிப்போய்க் கோட்டுகளையும் பையையும் அள்ளிப் படுக்கையறை அலுமாரிக்குள் போடுவாள். அறைக்கதவுகளைச் சாத்தி, கீழ் இடுக்கில் துவாயைச் செருகுவாள். நான் குசினி யன்னல்கள் இரண்டையும் திறந்து, பின்பக்கக் கண்ணாடிக் கதவை முழுதாகத் தள்ளி, மின்விசிறியை யன்னலைப் பார்த்து வைப்பேன். விசிறி மணத்தை வெளியே தள்ளும். தள்ளிய அளவு காற்று பின்கதவால் உள்ளே வரும். நான் பௌதிகம் படித்தவன்.

இரவுச் சாப்பாடு முடியும்வரை இரண்டு மணி நேரம் எல்லாம் திறந்திருக்கும். மீன் பொரிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று. குளிர்காலத்தில் வசந்தி தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு தாளிப்பாள். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளும் இந்தச் சட்டம் தவறவில்லை. யன்னலைத் திறப்பது எங்களுக்கு யன்னலைத் திறப்பதே அல்ல. அது அடுப்பைப் பற்றவைப்பதுபோலச் சமையலின் முதல் வேலை. ஆகவேதான் மருத்துவர் கேட்டபோது அது என் நினைவிலேயே இல்லை.

சட்டத்தை இயற்றியவர் பெயர் கிரகாம்.

சிட்னியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு சரக்கு நிறுவனத்தின் அலுவலகத்தில். உள்ளே நுழைந்ததும் சுவரில் கோட்டுக் கொழுவிகள் ஒரு வரிசை. என்னுடையதற்கு அடுத்த கொழுவி கிரகாமுடையது. என்னைவிடப் பதினைந்து வயது கூடியவர், சந்தோசமான ஆள், எல்லோருக்கும் தேநீர் போட்டுத் தருவார். ஒரு குளிர்காலக் காலை, தன் கோட்டை என் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் களஞ்சிய அறையின் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன்றும் நினைக்காதே, மேட். என் மனைவிக்கு மூக்குக் கொஞ்சம் கூர்மை" என்றார் ஆங்கிலத்தில் (மேட் என்றால் இந்த ஊரில் நண்பா).

முழு அலுவலகமும் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். புது ஆள், கெட்டிக்காரன், பகிடி விளங்குகிறவன் என்று காட்டவேண்டாமா? அன்று மாலை வீட்டுக்கு வந்து கோட்டை முகர்ந்து பார்த்தேன். வெங்காயம். கொஞ்சம் சீரகம். அன்றே யன்னல்களைத் திறந்தோம்.

இப்போது அந்தக் கோடைக்கு வருவோம். புகை தடிக்கத் தடிக்க நாங்கள் அரசாங்கம் சொன்ன எல்லாவற்றையும் செய்தோம். வாசற்கதவின் கீழே ஈரத்துணி. முகக்கவசம். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கினோம். பின்னேரம் ஐந்திலிருந்து ஏழுவரை, எல்லா யன்னல்களும் திறந்திருக்க, அது உறுமிக்கொண்டே நின்றது. தனியொரு இயந்திரமாக நின்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதையும் சுத்திகரிக்கப் பார்த்தது, பாவம். நாங்கள் கறி மணத்தை வெளியே அனுப்பி, பதிலுக்கு ஒரு காட்டை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஏழு மணி. மீன் பொரியல். முதல் கவளத்தோடு நெஞ்சில் யாரோ பெல்ட்டை இறுக்கினார்கள். நீலப் பஃபரை அடித்தேன். இன்னும் ஒரு துளை இறுகியது. மூச்சை உள்ளே இழுப்பது கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதல்ல. வெளியே விட முடியாது. பழைய காற்று உள்ளே நிறைந்து கிடக்கும், புதியதற்கு இடமில்லை. நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிலானி அவசர ஊர்திக்குத் தொலைபேசியில் சொன்னாள், "ஹீ கான்ட் டோக். மை டாட் கான்ட் டோக்." நான் பேச முடியாமல் இருப்பதை அவள் அதிசயமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டு சொன்னாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆவியாக்கி (திரவ மருந்தைப் பனிமூட்டம்போல மாற்றி முகமூடி வழியாகத் தரும் கருவி), ஸ்டீராய்டு மாத்திரை, மூக்கில் ஆக்சிஜன். மூன்று நாள் படுக்கை. புகையால் மூச்சு அடைபட்டவனுக்கு முகத்தில் வெள்ளைப் புகையாக மருந்து அடிப்பதைப் பார்த்து ஒரு நல்ல பகிடி தோன்றியது. சொல்ல மூச்சிருக்கவில்லை. இப்போது அது மறந்துவிட்டது. அதற்கும் கிரகாம்தான் பொறுப்பு.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் தந்தார்கள். பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே தள்ள முடிகிறது என்று காட்டுவது). காலையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் ஊதி, ஒரு தாளில் புள்ளி வைக்கவேண்டும். வைத்தேன். காலையில் முந்நூற்றுத் தொண்ணூறு, மாலையில் முந்நூறு. ஒவ்வொரு நாளும் அதே வீழ்ச்சி. மீன் பொரிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளம்.

ஜனவரிக் கடைசியில் நிலானிக்கு மெல்பேர்ணில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. கிளேட்டனில் அறை பார்த்துக் கொடுக்க வசந்தியும் கூடப் போனாள். ஒரு வாரம் நான் தனியே இருந்தேன். பாணும் பட்டரும் வாழைப்பழமும். வெளியே புகை அப்படியே நின்றது. என் மாலை எண் முந்நூற்று எண்பத்தைந்து. அடுத்த நாளும் அதே. ஏழு நாளும் அதே.

நான் படித்தவன், ஆதாரத்தை மதிப்பவன். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே வசந்தியிடம் முடிவைச் சொன்னேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் அதற்கு நல்ல இடம் உண்டு.

"அப்ப நான் இல்லாட்டி உங்களுக்கு மூச்சு வருது?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. உம்மட சமையல்தான் எண்டு…"

"இருவத்தஞ்சு வருசமாத் திண்ட சமையல். இப்பவோ நெஞ்சை அடைக்குது?"

"நான் சொல்லேல்லை வசந்தி, வரைபடம் சொல்லுது."

"அப்ப இனி வரைபடமே சமைச்சுத் தரட்டும்."

மெல்பேர்ண் கேரம் டவுன்ஸ் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்து கொண்டுவந்த விபூதியைக்கூட அடுத்த நாள் காலையில்தான் தந்தாள்.

அந்த ஞாயிறு பின்னேரம் என்னைக் குசினி மேசையில் அந்த ஊதும் குழாயோடு இருத்தினாள். எல்லா யன்னல்களையும், பின்கதவையும், சாவி போட்டுப் பூட்டினாள்.

"இஞ்சருங்கோ, வடிவாக் கேளுங்கோ. இண்டைக்கு உங்களுக்கு முன்னாலயே மீன் பொரிக்கிறன். ஒரு யன்னலும் திறக்கமாட்டன். முழு மணமும் உள்ளுக்குள்ளயே கிடக்கட்டும். எண் விழுந்தால் நான் இனிக் குசினிக்குள்ள கால் வைக்கேல்லை. விழாட்டி நீங்கள் என்னட்டை மன்னிப்புக் கேக்கவேணும். தமிழிலை. நிலானிக்கு ஃபோனைப் போட்டு, அவளும் கேக்க."

வெங்காயம் போட்டாள். மீன் போட்டாள். வீம்புக்கு மிளகாயும் இரண்டு கூடப் போட்டாள். இரண்டு மணி நேரம் நான் அந்த மணத்துக்குள் ஊறிக்கொண்டிருந்தேன். பிறகு ஊதினேன்.

முந்நூற்று எண்பது.

மூன்று தரம் ஊதச் சொன்னாள். மூன்று தரமும் அதே. வெற்றியோடு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். பூட்டிய யன்னலின் மறுபுறம், கண்ணாடிக்கு வெளியே, மண்ணிறப் புகை ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வர வழியில்லாமல்.

"அப்ப இவ்வளவு நாளும்…" என்றாள். பிறகு மெதுவாக, "கிரகாம்" என்றாள்.

அவள் அந்த மனிதரை ஒருதரமும் கண்டதில்லை. ஆனால் எங்கள் குசினியில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தவர் அவர்தான்.

(அடுத்த கிழமை மருத்துவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தன் தலையில் கை வைத்தார். பொரிக்கிற புகையும் நல்லதில்லை, மூடி போட்டுச் சமையுங்கள், அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள் என்றார். என் மன்னிப்பை நிலானி ஒலிபெருக்கியில் கேட்டாள். "கான் யூ ரிப்பீட் தட், அப்பா?" என்றாள்.)

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மருத்துவர் யன்னலைப் பற்றிக் கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உங்கள் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். வாய்க்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கும்.

மழை வந்தது, புகை போனது, கோபம் தங்கிவிட்டது. யாரோடு கோபிப்பது? காட்டோடா? காற்றோடா? அவை பெரிய ஆட்கள், முகமில்லாதவர்கள். என்னிடம் இருந்தது ஒரேயொரு முகம். சிரிக்கிற முகம். நெஞ்சு பிசையும் நேரங்களில் அந்த முகத்திடம் நான் என்னென்னவோ பேசினேன். எல்லாம் மிக நல்ல வசனங்கள். ஒன்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியவில்லை. கோடை முடிந்தும் என் வசனங்கள் பாதியில் அறுந்துகொண்டுதான் இருந்தன. கலைவிழாவுக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். நல்ல பையன் என்றார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு முழு வசனம், கடைசிச் சொல்வரை.

ஜூன் மாதம் என்னை நுரையீரல் மறுவாழ்வு வகுப்புக்கு அனுப்பினார்கள் (மூச்சுப் பயிற்சியும் நடையும் சொல்லித் தரும் எட்டு வார வகுப்பு). முதல் நாள் அறைக்குள் போனதும் சுவரில் கொழுவிகள். நான் கோட்டை மாட்டித் திரும்பும்போது, ஒரு மெலிந்த வயதான மனிதர் தன் கோட்டோடு வந்தார். வரிசையைப் பார்த்தார். மற்றக் கோட்டுகள் எல்லாவற்றையும் தாண்டிப்போய், கடைசிக் கொழுவியில் தனியே மாட்டினார்.

முகம் மாறியிருந்தது. கழுத்து சட்டைக்குள் சுருங்கியிருந்தது. ஆனால் அந்தக் கையை நான் எங்கே கண்டாலும் அறிவேன்.

"கிரகாம்!" என்றேன்.

சந்தோசமாகத் திரும்பினார். "உன்னை எனக்குத் தெரியும். இரு, சொல்லாதே. என் கண் டாக்டர்!"

"இல்லை. சரக்கு அலுவலகம். மூன்று வருடம் பக்கத்து மேசை."

"அப்படியா! நல்ல காலம் அது, இல்லையா மேட்?"

அவருக்கு என்னை நினைவில்லை. இருபத்திரண்டு வருடம் என் வீட்டின் காற்றோட்டத்தை நிர்வகித்த மனிதருக்கு, அப்படியொரு பொறுப்பு இருந்ததே தெரியவில்லை. புகைத்துப் புகைத்து நுரையீரல் தேய்ந்துபோயிருந்தது, இந்தக் கோடைப் புகை மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது என்றார். எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். அவர் அடுத்ததாகச் சொன்னது: "இப்போதுதான் ஆறு நிமிடம் நடந்து வந்தேன். முந்நூற்றுப் பத்து மீட்டர்!"

எழுபது வயது. புகைத்தவர். முந்நூற்றுப் பத்து.

வகுப்பை நடத்தும் லூசி என்ற இளம்பெண் என் விரலில் ஆக்சிஜன் கவ்வியை மாட்டினார். "உங்களுக்கு ஏற்ற வேகத்தில் நடங்கள்" என்றார். நான் கிரகாமுக்கு ஏற்ற வேகத்தில் நடந்தேன். முதல் இரண்டு நிமிடம் அற்புதம். மூன்றாவதில் கூம்பு தள்ளிப் போகத் தொடங்கியது. நான்காவதில் காதுக்குள் கடல். விரல் கவ்வி கீச்சிட்டது. லூசி கதிரையோடு ஓடி வந்தார். இருநூற்று எழுபது மீட்டர்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கிரகாம் குனிந்து நின்றார். "உதட்டைக் குவி, மேட். முன்னால் ஒரு மெழுகுதிரி எரிகிறது என்று நினை. அணைக்காதே. சுடர் சாய்கிற அளவுக்கு மட்டும் மெதுவாக ஊது." ஊதினேன். உள்ளே கிடந்த பழைய காற்று மெல்ல வெளியே போனது. அவர் சொல்லித் தந்த மூச்சினால் நான் பிழைத்தேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, "ஆளைக் கண்டனான்" என்றேன்.

"ஆரை?"

"கிரகாமை."

வசந்தி தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள். "உயிரோட இருக்கிறாரோ?"

"முந்நூற்றுப் பத்து மீட்டர் நடக்கிறார்."

"நீங்கள்?"

சொன்னேன்.

"வெக்கக்கேடு" என்றாள்.

அடுத்த நாள் காலையிலிருந்து அவள் என்னைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருவாள். "கை வீசுங்கோ. குவிச்சு ஊதுங்கோ. அந்தாள் உங்களுக்கு முன்னால போகுது எண்டு நினையுங்கோ." மண்ணிறப் பஃபரை ஒருநாளும் தவறவிடவில்லை. அவள் விடவில்லை. இது என் ஆரோக்கியத்துக்காக மட்டும் அல்ல என்பது இருவருக்கும் தெரியும். குளிரில் கம்பளித் தொப்பியோடு இருபத்திரண்டு வருடம் நின்று சமைத்தவள் அவள். அவளுடைய வழக்கு என்னுடையதைவிடப் பெரிது.

எட்டாவது வாரம், கடைசி வகுப்பு. காலைச் சாப்பாட்டுக்கு அவள் கருவாடு பொரித்தாள். ஆயுளில் முதல்தடவையாக. யன்னல்கள் பூட்டியிருந்தன. நான் பழக்கதோசத்தில் கோட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனேன்.

"எங்கை கொண்டு போறியள்? இஞ்சை வையுங்கோ" என்று வாங்கி, அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் விரித்துப் போட்டாள். இடையில் ஒருதரம் மறுபக்கம் திருப்பியும் போட்டாள்.

கிரகாம் எனக்கு முன்பே வந்திருந்தார். அவருடைய கோட்டு வழக்கம்போலக் கடைசிக் கொழுவியில். நான் என்னுடையதை அதற்கு அடுத்ததில், இரண்டு கோட்டுகளின் கைகளும் தொட்டுக்கொள்ளும்படி மாட்டினேன். சற்றுநேரத்தில் அவர் நடையை முடித்துக்கொண்டு, சிவந்த முகத்தோடு வந்தார். கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். மூக்குச் சுருங்கியது. என் கோட்டைப் பார்த்தார். தன் கோட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒன்றும் நினைக்காதே, மேட். என் மனைவிக்கு மூக்குக் கொஞ்சம் கூர்மை."

ஒரு சொல் மாறவில்லை. அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் வாய்கூடச் சிரிக்கத் தயாரானது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உதட்டைக் குவித்தேன். மெழுகுதிரியைச் சாய்த்தேன். பழைய காற்றெல்லாம் போனபின், மெதுவாக, ஆழமாக இழுத்தேன். எழுந்து போய் அவருடைய கோட்டைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, மறுபடியும் என் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

"கிரகாம், இதையே நீங்கள் முன்பும் சொன்னீர்கள், நானும் சிரித்தேன், அன்றிலிருந்து இந்த மணம் போகட்டும் என்று என் வீட்டு யன்னலைத் திறந்து வைத்தேன், போன கோடையில் அதன் வழியாகத்தான் இந்த நோய் வந்தது, இனி என் யன்னல் மூடியிருக்கும், உங்கள் கோட்டு இங்கேதான் தொங்கும்."

ஒரே மூச்சு. கடைசிச் சொல்வரை. அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே போவதை நான் உணர்ந்தேன். அதற்குப் பிறகும் உள்ளே கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல அமைதியை எந்த மேடையிலும் நான் பெற்றதில்லை.

கிரகாம் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் அப்படிச் சொன்னேனா?" என்றார்.

"சொன்னீர்கள். இப்போதும்."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு வரவில்லை. கதிரையில் உட்கார்ந்து உதட்டைக் குவித்தார். நான் பொறுத்திருந்தேன், எனக்கு அந்த நிலை தெரியும். ஆனால் அவருக்காக அந்த வசனத்தை நான் முடித்து வைக்கவில்லை. கோட்டு அங்கேயே முக்கால் மணி நேரம் தொங்கியது. கருவாட்டுக்கு அது தாராளம். அவருடைய மனைவியின் மூக்கு இன்னும் கூர்மையாகவே இருக்கிறது என்று மனதார நம்புகிறேன்.

பிறகு நான் நடந்தேன். லூசி ஒவ்வொரு நிமிடமும் மிச்ச நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு ஆறு நிமிடம் என்றால் எனக்கு ஒரு தேநீர். இப்போது அது ஒரு தேசம். அதன் மேடுபள்ளங்கள் எனக்குத் தெரியும். இரண்டாம் நிமிடத்தில் தோளைத் தளர்த்தவேண்டும். நான்காவதில் ஒரு பள்ளம், அதைக் கெஞ்சிக் கடக்கவேண்டும். நானூற்றுப் பத்து மீட்டர். கிரகாம் முந்நூற்று நாற்பது. அவராகவே சொன்னார். சரி, லூசியிடம் கேட்டேன். அவர் சொல்ல மறுத்தார். அதனால் கிரகாமிடமே கேட்டேன்.

பழிவாங்கினால் மனம் காலியாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. நன்றாகத் தூங்கினேன். ஆனால் நோய் போகவில்லை. அயல் வீட்டில் யாராவது விறகு எரித்தால், மூக்கு அறியுமுன் நெஞ்சு அறிந்து கதவைச் சாத்துகிறது. ஒரு நாளை நான் மணிக்கூட்டால் அளப்பதில்லை. ஒரு மூச்சில் எத்தனை சொல் போகிறது என்பதால் அளக்கிறேன். நல்ல நாளில் ஒரு பகிடி முழுதாகப் போகிறது. கெட்ட நாளில் வசந்தியின் பெயர் மட்டும்.

இதை எழுதும்போது செப்டம்பர் முடிகிறது. மலைப்பக்கம் ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்கிறார்கள். பின்னேரம் ஐந்து மணி. குசினியிலிருந்து குரல் வருகிறது: "வெங்காயம் போடப் போறன்!"

நான் எழுந்து போய் யன்னல்களை ஒவ்வொன்றாக மூடுகிறேன். கோட்டு கதிரையிலேயே கிடக்கிறது.